ராகு காலத்தில் வந்த வெயில்

கையில இருக்கிற போனை எல்லாம் கொஞ்சம் மேசையில வைங்க பிள்ளைகளா. வச்சாச்சா? பின் கதிரையில இருக்கிற தம்பி, உங்களையும்தான். நாளைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்னு அந்தப் போன் சொல்லும், தெரியும். எங்க காலத்துல அதைக் கலண்டர் சொல்லுச்சு. அந்தக் கலண்டரை நம்பித்தான் நான் ஒரு நாள் இருநூறு பேருக்கு முன்னால மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு நின்னேன்.

இந்தப் பல்லேகல வேலைத்தலத்துல சூரிய பெனல் பூட்டியே எனக்குத் தலை நரைச்சுது. இப்ப என்னடான்னா, செத்துப் போனவன் மாதிரி சுவர்ல என் படத்தை மாட்டி, புதுப் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. எந்த வயரை எங்க கொழுவுறதுங்கிறதை உங்களுக்கு மத்தவங்க சொல்லித் தருவாங்க. நான் சொல்லப் போறது எப்ப வாயைத் திறக்கணும், எப்ப மூடணும்ங்கிறதை. அதை எந்தப் புத்தகத்துலயும் போட மாட்டாங்க.

நான் சேர்ந்தப்ப எனக்கு மேல ஒரு போர்மன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா எங்கிருந்தாவது எழும்பி வந்து ஏசுவார். அவர்கிட்ட ஒரு பழக்கம். புது இடத்துக்குப் போனா கூரையைப் பார்க்க மாட்டார், வயரைப் பார்க்க மாட்டார். விடியக் காலையிலயே போய், ஒரு கல்லுல உக்காந்து, பொழுது சாயிற வரைக்கும் நிழல் எங்க விழுது, எங்க நகருதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பார். "ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்காத இடத்தில பெனல் வையாதை" என்பார். நாங்க சின்னப் பசங்க, மனுசன் சம்பளத்துக்குச் சும்மா உக்காந்திருக்கார்னு பின்னால நின்னு சிரிப்போம். எனக்கு அப்ப திமிரு கொஞ்சம் கூட. ஊரெல்லாம் பூட்டிட்டோம், இனி யார்கிட்ட என்ன படிக்கிறதுன்னு நினைப்பு.

அந்த நேரத்துலதான் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல வேலை வந்துச்சு. மலைச்சரிவுல மேல் லயம்னு வரிசை வீடுங்க, அங்க அறுபது குடும்பம். தண்ணி பிடிக்கணும்னா, கீழ ஓடைப் பக்கம் கொட்டுற ஒரு பீலிதான். மேல் லயத்துப் பொம்பளைங்க இருட்டோட இறங்கி, வரிசையில நின்னு, குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு அந்த ஏத்தத்தை ஏறி வரணும். அதுக்கப்புறம்தான் அடுப்பு, பிள்ளைகள், எல்லாம். பிறகு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடணும். பிந்திப் போனா அன்னைக்கு அரைப்பேர்தான் போடுவாங்க. குடம் நிரம்புற நேரத்துல பாதி நாள் கூலி போயிரும்.

வெளியூர் உதவிக்காரர் யாரோ ஒரு சூரிய பம்ப் குடுத்திருந்தாங்க. ஒண்ணே ஒண்ணு. மேல் லயத்துக்கும் வேணும், பள்ளத்துல இருக்கிற கீழ் டிவிசனுக்கும் வேணும். அந்தப் பகுதி அரசியல்வாதி ஒருத்தர்தான் பஞ்சாயம் பண்ணி மேல் லயத்துக்குன்னு சொன்னார். கீழ் டிவிசன் தலைவர் விடல. அவர் ஓயாம நச்சரிச்சதுல அரசியல்வாதி ஒரு கண்டிசன் போட்டுட்டார். "திறப்பு விழா அன்னைக்கு ஒழுங்கா ஓடணும். ஓடலைன்னா கழட்டிக் கீழ கொண்டு போய்ப் பூட்டிருங்க."

இதுக்கெல்லாம் மேல் லயத்துப் பக்கம் நின்னு பேசினது செல்லம்மாக்கா. மாதர் சங்கத்துத் தலைவி. கொழுந்து எடுக்கிற கை, வாய் அதைவிட வேகம். முதல் நாளே என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி வந்தா உங்களைத் தோள்ல தூக்குவோம். வரலைன்னாலும் தூக்குவோம், ஆனா நாலு பேரு" என்றாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

நாங்க தினமும் கண்டியில இருந்து வேனில போவோம். போய்ச் சேரப் பத்து, பத்தரை ஆகும். நாலு மணிக்குத் திரும்பிருவோம். பெனல்களையும் தண்ணி டேங்க்கையும் லயத்து முத்தத்துல வச்சோம், பம்ப் கீழ ஓடையில. பகல்ல போட்டுப் பார்த்தோம். தண்ணி யானைத் தும்பிக்கை மாதிரி அடிச்சுது. அந்தத் தண்ணியிலயே டேங்க்கைக் கழுவி ஊத்திட்டு, திறப்பு விழாவுக்கு வெறும் டேங்க்காத் துடைச்சு வச்சோம். ரொம்ப சுத்தக்காரங்க நாங்க!

திறப்பு விழாவுக்கு நேரம் குறிக்கிறதுக்கு ஒரு கூட்டம். பிரதம அதிதி அந்த அரசியல்வாதிதான். அவருக்குச் சாத்திரக்காரர் ஒருத்தர் இருக்காராம். அவர் குறிச்சுக் குடுத்தது, பௌர்ணமிப் போயா லீவு திங்கட்கிழமை, காலையில ஏழு மூணுல இருந்து ஏழு இருபத்தஞ்சு வரைக்கும். ஏழரைக்கு ராகு காலம் தொடங்கி ஒன்பதுக்குத்தான் முடியும். செல்லம்மாக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்நேரத்துக்கு வெயிலு வந்திருக்குமா தம்பி?"

நான் சுவர்ல தொங்கின கலண்டர்கிட்ட போய் விரலை வச்சேன். சூரிய உதயம் ஆறு இருபத்தஞ்சு. "அக்கா, சூரியன் விசயத்தை எங்கிட்ட விட்டுருங்க" என்றேன். அவங்க ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. பிள்ளைகளா, ஒரு இடத்துல நாப்பது வருசம் இருந்தவங்க உங்களை ஒரு மாதிரியாப் பார்த்தா, உடனே நிறுத்தி, ஏன் அப்படிப் பார்த்தீங்கன்னு கேளுங்க. நான் கேட்கல.

திங்கட்கிழமை ஆறு மணிக்கெல்லாம் போயிட்டோம். வாழைமரம் கட்டி, கோலம் போட்டு, தப்பு அடிக்கிறவங்க தோலைக் காய்ச்சிக்கிட்டு இருக்காங்க. பால் பொங்க வைக்க மூணு கல்லு வச்சு அடுப்பு. கம்பளையில இருந்து ஸ்பீக்கர்காரர், நாங்க சவுண்ட் நானான்னு கூப்பிடுவோம், ஜெனரேட்டரோட வந்து மைக்கைத் தட்டிக்கிட்டு இருந்தார். ஆறரை ஆச்சு. சுத்திவரப் பனி. நாங்க நிழல்ல நிக்கிறோம். நிமிந்து பார்த்தா எங்களுக்குப் பின்னால மலை உச்சியில மட்டும் மஞ்சளா வெயில். கிழக்குப் பக்கம் திரும்பினேன். ஒரு மலை, சுவர் எழுப்பின மாதிரி நிக்குது.

பக்கத்துல ராமையாண்ணன் நின்னார். பெக்டரியில தேயிலை காய வைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு போடுறவர். அவர்கிட்ட கேட்டேன், "அண்ணே, இந்த மலை இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"வெள்ளக்காரன் வர்றதுக்கு முந்தியே இங்கதான் சார் இருக்கு."

"இங்க எத்தனை மணிக்கு வெயில் விழும்?"

"எட்டேகாலு. பனி இருந்தா எட்டரை."

"ஐயோ, ஏன்ணே ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க ஒருத்தர்கிட்டயும் கேக்கலையே சார்."

பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போன எனக்கு அந்த இடத்துக் காலை நேரமே தெரியாது. இந்த பம்புக்கு பெட்டரி கிடையாது. வெயில் பட்டா ஓடும், படலைன்னா நிக்கும். ஏழு மூணுக்கு இது ஓடவே ஓடாது. கீழ் டிவிசன் தலைவர் ஒரு புது வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து, பெனலை எப்படிக் கழட்டுறதுன்னு சுத்திச் சுத்திப் பார்க்கிறார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கிட்டு வந்துச்சு.

என் முழி சரியில்லைன்னு கண்டுபிடிச்சது சவுண்ட் நானாதான். காதுக்குள்ள வந்து சொன்னார். "தம்பி, நம்மட ஜெனரேட்டர் ஈக்குதே. ஸ்பீக்கருக்குப் பின்னால ஒரு வயரை இழுத்தா முடிஞ்சுது. அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் வெளங்காது. நான் வாயைத் திறக்க மாட்டேன், அல்லா காவல்."

சொல்றதுக்கு வெக்கமில்ல, எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. செய்யலாம். பத்து நிமிச வேலை. வயரைக் கையில எடுத்துட்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை போர்மன்கிட்ட கேட்டுருவோம்னு, போன் சிக்னல் கிடைக்கிற ஒரே ஒரு பாறைக்கு மேல ஏறி, ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு எடுத்தேன்.

"என்னடாப்பா, திறந்தாச்சோ?"

"ஐயா, வெயில் வரல. எட்டேகாலாகுமாம்."

"நீ அங்க எத்தினை நாள் காலமை நிண்டு பார்த்தனீ?"

நான் காலை மாத்தி நின்னேன்.

"ஐயா, ஒரு ஜெனரேட்டர் இருக்கு..."

"ஓம், கொழுவு. வடிவாக் கொழுவு. நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு அந்தச் சனம் சுவிச்சைப் போடும். ஓடாது. பழுதாப் போச்செண்டு சொல்லும். அப்ப ஜெனரேட்டரும் அங்க இராது, நீயும் இராய். பிறகு அதைக் கழட்டப் போறது ஆர்? நீதான்."

"அப்ப நான் என்னதான் ஐயா செய்ய?"

"உண்மையைச் சொல்லு. சொல்லிப்போட்டு, வெயில் வருமட்டும் சனத்தைப் பிடிச்சு வை. உனக்கு வாய்க்கென்ன குறைச்சல்?"

வச்சுட்டார். நான் பாறையில இருந்து இறங்கி, வயரை நானாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, நேரா செல்லம்மாக்காகிட்ட போனேன். விசயத்தைச் சொன்னேன். ஏசுவாங்க, நாலு பேர் கதையை எடுப்பாங்கன்னு பார்த்தேன். அவங்க முந்தானையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "கழட்டிருவாங்களா தம்பி?"

செவிட்டுல அறைஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல.

அவங்க ஒரு தடவை கிழக்கு மலையைப் பார்த்தாங்க. பிறகு சொன்னாங்க, "கன்னு வைக்கத்தான் நேரம் பாக்குறோம். அது தளிர் விடுறதுக்கு யாரு நேரம் பாக்குறா? சுவிச்ச நேரத்துக்குப் போடச் சொல்லுங்க. தண்ணி வர்றப்ப வரட்டும்."

நான் படிச்ச படிப்புக்கு இது தோணல பாருங்க!

ஏழு மூணு. பால் பொங்கிச்சு. மாலையும் கழுத்துமா பிரதம அதிதி சுவிச்சைப் போட்டார். தப்பு முழங்குச்சு. இருநூறு பேரும் பைப்பு வாயைப் பார்க்கிறோம். ஒண்ணும் வரல. இன்னும் கொஞ்சம் பார்க்கிறோம். பைப்பு வாயில ஏதோ அசைஞ்சுது. எல்லாரும் எட்டிப் பார்த்தா, குட்டித் தவளை ஒண்ணு. வெளிய வந்து, ஒரு தடவை எல்லாரையும் பார்த்துட்டு, டேங்க்குக்குள்ள குதிச்சிருச்சு. பிள்ளைகள் கை தட்டினாங்க. தப்பு அடிக்கிறவங்க நிறுத்திட்டாங்க.

"இதுக்குத்தான் இவ்வளவு செலவா?" என்றார் கீழ் டிவிசன் தலைவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நான் மைக்கைப் பிடிச்சேன். "ஐயா, எல்லாரும் மன்னிக்கணும். பம்பில பிழை இல்ல, இந்த இடத்துல பிழை இல்ல. பிழை என்னோடது. இங்க காலையில வெயில் எத்தனை மணிக்கு வரும்னு நான் ஒரு நாளும் வந்து பார்க்கல. எட்டேகாலுக்கு வரும். வந்த உடனே, யாரும் கை வைக்காமலே தண்ணி வரும்."

"எட்டேகாலா? அது ராகு காலம்!" பிரதம அதிதி கதிரையில இருந்து பாதி எழும்பிட்டார்.

"சுவிச்சை நல்ல நேரத்துல நீங்க போட்டாச்சு ஐயா. வேலை தொடங்கியாச்சு. சூரியன் மட்டும் கொஞ்சம் பிந்தி வருது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரைக்கு நான் கிளம்பணும். பேராதனையில இன்னொரு கூட்டம். எட்டரைக்குத் தண்ணி இல்லைன்னா, நான் சொன்னது சொன்னதுதான்."

ஒரு மணித்தியாலத்துக்கு மேல கிடக்கு. இருநூறு பேரை வச்சு என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்சது சூரியன் ஒண்ணுதான். அதையே தொடங்கினேன். "சூரியன்ங்கிறது பெரிய நெருப்புப் பந்து..." என்று நான் வாயெடுத்ததுதான், ராமையாண்ணன் கையைத் தூக்கிட்டார்.

"சார், அங்க மேல காத்து இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப எப்படி எரியுது? எங்க அடுப்புக்குக் காத்து விடுற காத்தாடி அரை நிமிசம் நின்னாப் போதும், அணைஞ்சு புகைஞ்சு போயிரும். தொரை ஓடி வந்துருவாரு. அங்க யாரு காத்து விடுறா?"

முப்பது வருசம் அடுப்பு எரிச்ச மனுசன்கிட்ட நெருப்பைப் பத்திக் கதை விட்டா நடக்குமா? "நீங்க சொல்றதுதான் சரி, அது எரியல" என்று ஒத்துக்கிட்டேன். "சூரியனோட அடி வயித்துல ஹைட்ரஜன்னு ஒரு வாயு. மேல இருக்கிற பாரம் போட்டு அமுக்குற அமுக்குல, அந்தச் சூட்டுல, நாலு ஹைட்ரஜன் கரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரு ஹீலியம் கருவா மாறிருது. எரியிறதில்ல, ஒட்டுறது. ஆனா ஒட்டினதை நிறுத்துப் பார்த்தா, போட்ட நிறை இருக்காது. ஆயிரம் கிராம் போட்டா தொள்ளாயிரத்து தொண்ணூத்து மூணு கிராம்தான் மிஞ்சும். ஏழு கிராம் காணாமப் போயிருது."

பின் வரிசையில இருந்து ஒரு பொம்பளைக் குரல். "அங்கயும் ஒரு கணக்கப்பிள்ளை இருக்காரா?"

அவ்வளவுதான், மலையே அதிர்ந்துச்சு! இன்னொருத்தி, "எங்களுக்குக் கூடைக்கு ரெண்டு கிலோ வெட்டு, ஈரத்துக்கு ரெண்டு கிலோ வெட்டு. சூரியனுக்கு ஏழு கிராம்தானா? குடுத்து வச்சவரு!" என்றா. கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை பந்தலுக்குக் கீழதான் இருந்தார். அவர் ஏதோ அவசரமா ஆகாயத்தைப் பார்க்கத் தொடங்கிட்டார்.

"ஒரு வித்தியாசம் இருக்கு" என்றேன். "காணாமப் போன அந்த ஏழு கிராமைத்தான் சூரியன் வெளிச்சமாவும் சூடாவும் நமக்குத் திருப்பிக் குடுக்குது. அந்த ஏழு கிராமுக்குள்ள அவ்வளவு சக்தி இருக்கு. நம்ம கணக்கப்பிள்ளை..." அதோட நிறுத்திட்டேன். நானும் உயிரோட கண்டி போய்ச் சேரணுமே.

பிரதம அதிதிக்கே சிரிப்பு வந்துருச்சு. "சரி, அது வர எவ்வளவு நேரம்?"

"ஐயா, அடி வயித்துல பிறந்த சக்தி சூரியனோட மேல் தோலுக்கு வர்றதுக்கே ஆயிரக் கணக்கான வருசம் ஆகும். லட்சம் வருசம்னும் சொல்றாங்க. பெரஹரா ஊர்வல நேரத்துல கண்டி டவுன்ல நடந்திருக்கீங்களா? வாவிக்கரையில இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு எட்டு. அன்னைக்கு மட்டும் முன்னால நாலடி வச்சா ஒருத்தன் இடிச்சுப் பின்னால மூணடி தள்ளுவான். அந்த மாதிரி இடிபட்டு, மிதிபட்டு வெளிய வருது. வந்த பிறகு தடுக்க ஆளில்ல. பதினைஞ்சு கோடி கிலோமீட்டர், எட்டு நிமிசம் இருபது செக்கன். வயரும் இல்ல, பைப்பும் இல்ல."

"நடுவுல காத்துக்கூட இல்லைன்னா சூடு எப்படிய்யா வரும்? சும்மா அடிச்சு விடாதீங்க" என்றார் கீழ் டிவிசன் தலைவர்.

நான் கதிர்வீச்சு அது இதுன்னு பெரிய வார்த்தையாத் தேடிக்கிட்டு இருக்கேன். ராமையாண்ணன் மறுபடி எழும்பிட்டார். "தலைவரே, நீங்க எங்க அடுப்புக்கிட்ட வந்து பாருங்க. கதவத் திறந்தா காத்து உள்ளதான் இழுக்குது, நம்ம பக்கம் ஒரு பொட்டுக் காத்து வராது. ஆனாலும் சூடு பளார்னு மூஞ்சில அடிக்கும். கதவச் சாத்தின அந்த நிமிசமே நின்னுரும். காத்து கொண்டு வந்தா அப்படி நிக்குமா? சூடு தானாவே பாஞ்சு வருது, வெளிச்சம் மாதிரி."

நான் மைக்கைக் கீழ வச்சுட்டு அவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். வருசக் கணக்கா நான் மாத்தி மாத்திச் சொல்லியும் யாருக்கும் வெளங்காததை, மனுசன் ஒரு அடுப்புக் கதவை வச்சு முடிச்சுட்டார். அன்னையில இருந்து எங்க போனாலும் நான் அவர் சொன்னதைத்தான் சொல்றேன்.

"அப்ப அது வந்துருச்சுங்கிறீங்க?" என்றார் பிரதம அதிதி.

"வந்துருச்சு ஐயா. அந்தா பாருங்க." எங்க தலைக்கு மேல இருந்த சரிவுல வெயில் கோடு போட்ட மாதிரி இறங்கிக்கிட்டு வருது. தேயிலை நிரை ஒவ்வொண்ணா மஞ்சளாகுது. "பதினைஞ்சு கோடி கிலோமீட்டர் வந்துருச்சு. இந்தக் கடைசி அரை மைல்லதான் மாட்டிக்கிட்டு நிக்குது."

"நம்ம பஸ்சு மாதிரிதான்" என்றாங்க செல்லம்மாக்கா. "புசல்லாவ ரோட்டுல நல்லாத்தான் ஓடும். லயத்துக்கு மட்டும் வராது." அதைப் பிரதம அதிதியின் மூஞ்சைப் பார்த்தே சொன்னாங்க. அவர் தொண்டையைச் செருமிக்கிட்டார்.

பிறகு யாரும் என் பேச்சைக் கேட்கல. எல்லாரும் அந்தக் கோட்டையேதான் பார்த்தாங்க. கோயில் மரத்துக்கு வந்துச்சு. கைப்பிள்ளைகளை விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராத் தகரம் பளீர்னுச்சு. பிள்ளைகள் ஓடிப் போய் வெயில் நிக்கிற இடத்துல நின்னு, அதோட சேர்ந்து ஒவ்வொரு படியா இறங்கி வந்தாங்க. மணி எட்டு பத்து. பெனலுக்கு இன்னும் அறுபது அடி. அப்பப் பார்த்து ஓடையில இருந்து பனி கிளம்பி வந்து எல்லாத்தையும் மூடிருச்சு. பெனலும் தெரியல, கோடும் தெரியல. "ஐயையோ!"ன்னு இருநூறு பேரும் ஒரே குரல்ல.

எட்டு இருபது. எட்டு இருபத்தஞ்சு. பிரதம அதிதி மாலையைக் கழட்டிக் கையில எடுத்தார். கீழ் டிவிசன் தலைவர் முன்னால வந்தார். "ஐயா, நான் முந்தியே சொன்னேன்ல? இந்த இடம் சரிப்படாது. நாளைக்கே கழட்டிருவோம். எங்க பக்கம் கொண்டு போய்ப் பூட்டுவோம்."

செல்லம்மாக்கா மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியமில்ல. பேசினது ராமையாண்ணன்தான், ரொம்ப மரியாதையா.

"தலைவரே, உங்க பக்கம் எத்தனை மணிக்கு வெயில் விழுகுது?"

"அது... வந்து... விழும்."

"விழும், தெரியும். எத்தனை மணிக்கு?"

தலைவர் பள்ளத்தைப் பார்த்தார். வெயில் மேல இருந்துதானே இறங்கி வருது? மேல் லயத்துக்கு எட்டேகால்னா, அந்தப் பள்ளத்துக்கு?

"ஒம்பதரை" என்றார் மெதுவா. "சில நாளு பத்து."

"அடப் பாவி மனுசா!" செல்லம்மாக்காவுக்குத் திரும்பவும் குரல் வந்துருச்சு. "உங்க வீட்டுத் துணியையே எங்க முத்தத்துல வந்து காயப்போடுறாங்க உங்க சம்சாரம். பம்ப்ப மட்டும் எந்த வெயில்ல ஓட்டுவீங்க?"

சிரிப்புன்னா அப்படியொரு சிரிப்பு. பிரதம அதிதி சிரிச்சுச் சிரிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, திரும்பவும் கதிரையில உக்காந்துட்டார். "பம்ப் இங்கயே இருக்கட்டும்" என்றார். "தலைவரே, உங்களுக்கு வேற வழி பார்ப்போம். முதல்ல உங்களுக்கு ஒரு மலையை வெட்டணும்." தலைவரும் பாவம், கடைசியில தலையைச் சொறிஞ்சுக்கிட்டுச் சிரிச்சார்.

அந்தச் சிரிப்புக்குள்ளதான் கீழ ஓடையில இருந்து ஒரு முனகல் கேட்டுச்சு. பனி விலகினதை ஒருத்தரும் கவனிக்கல. பைப்பு இருமிச்சு, காத்தா ஊதிச்சு, செம்மண் கலந்து துப்பிச்சு, அதுக்குப் பிறகு வந்துச்சு பாருங்க தண்ணி! தப்பு தானா முழங்கத் தொடங்கிச்சு. சவுண்ட் நானா மைக்குல என்னவோ கத்துறார், அழுறாரா சிரிக்கிறாரான்னு வெளங்கல. பிரதம அதிதியைத் தண்ணியில பூப் போடக் கூப்பிட்டாங்க. "ராகு காலத்துல நான் ஒண்ணையும் தொட மாட்டேன். நான் ஏழு மூணுக்கே திறந்துட்டேன்" என்று கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னார். ஆனா போகல. பேராதனைக் கூட்டம் என்ன ஆச்சோ தெரியாது.

அன்னைக்கு நான் வயரை இழுத்திருந்தா? யோசிச்சுப் பாருங்க. நேரத்துக்குத் தண்ணி வந்திருக்கும், மாலை விழுந்திருக்கும். அடுத்த நாள் ஏழு மணிக்கு அது ஓடாம நிக்கிறப்போ, அந்தச் சனத்துக்காக யாரும் ராமையாண்ணன் மாதிரி ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. பழுதுன்னு சொல்லி நானே கழட்டியிருப்பேன். நம்ம தொழில்ல வெயிலைத் திருட முடியாது பிள்ளைகளா. பிழை விட்டா, விட்டேன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. பக்கத்துல இருக்கிற ராமையாண்ணனுக்கு அப்பத்தான் உங்களுக்கு உதவி செய்ய வழி கிடைக்கும்.

கண்டிக்குத் திரும்பி, போர்மன் முன்னால போய் நின்னேன். ஏசல. "இண்டைக்கே திரும்பிப் போ. அந்த இடத்தில விடியல்ல இருந்து பொழுதுபடுமட்டும் இருந்து பார்த்துப்போட்டு வா" என்றார். அவ்வளவுதான். பின்னேர பஸ்ஸைப் பிடிச்சுப் போய், ராமையாண்ணன் வீட்டுல தங்கிட்டேன்.

விடியக் காலையில எழும்பி முத்தத்துக்கு வந்தேன். பனி. வெயிலுக்கு இன்னும் மூணு மணித்தியாலம் கிடக்கு. பெனல் எல்லாம் ஈரத்துல நனைஞ்சு தூங்குது. செல்லம்மாக்கா குடத்தோட டேங்க் பைப்படிக்கு வந்து நின்னாங்க. திறக்கப் பயம். என்னைப் பார்த்தாங்க, நான் தலையாட்டினேன். திறந்தாங்க. கொட்டிச்சு.

அவங்க தண்ணியைப் பார்த்தாங்க, இருட்டா நிக்கிற கிழக்கு மலையைப் பார்த்தாங்க. "சூரியனத்தான் இன்னும் காணலையே தம்பி. இது எந்த வெயிலு?"

"அது நேத்து வெயிலு, அக்கா."

குடம் நிரம்பி வழிஞ்சுது, அப்பவும் மூடாமப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. பிறகு உள்ள போய் அடுப்பு மூட்டி, எனக்கும் ஒரு கோப்பை கொண்டு வந்து குடுத்துட்டு, வாசப்படியில காலை நீட்டி உக்காந்தாங்க. பக்கத்து வீட்டு வாசல்லயும் ஒருத்தி உக்காந்திருந்தா, அதுக்கு அடுத்த வாசல்லயும். பெரட்டுக்கு இன்னும் நேரம் கிடந்துச்சு. இவ்வளவு காலமா ஊருக்கெல்லாம் கொழுந்து எடுத்துக் குடுத்த பொம்பளைங்க, அன்னைக்குத்தான் காலையில உக்காந்து, ஆறாமச் சுடச்சுடத் தேத்தண்ணி குடிச்சாங்க.